தங்க வயலில் முன்னோரைத் தேடி

நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாட்டனார் பெயரை அறியாதார் இரார். அதற்கு மேல் ஒரு படி ஏறி, பூட்டனார் யார், எவ்வூரிலிருந்து இப்பக்கம் வந்தார் என்று வினவினால் பலர் மௌனம் சாதிப்பர். எங்கள் குடும்பமும் அவ்வாறே இருந்தது. பூட்டனார் கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்தவர் என்பதும், அவர் பூர்வீகம் "குடியாத்தம் பக்கம்" என்பதுமே என் அத்தையார் வாய்மொழியாக எஞ்சியவை. அந்தப் "பக்கம்" என்னும் ஒரு சொல்லில் எத்தனையோ சிற்றூர்கள் அடங்கும்.

இதனை ஆராய முற்பட்டது வெறும் ஆர்வத்தினால் அன்று. என் தமையனார் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அட்டவணைச் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளன்று எங்கள் முன்னோர் மைசூர் இராச்சியத்தில் நிலையாகக் குடியிருந்தமைக்குச் சான்று கேட்டனர். நான்கு தலைமுறையாக இம்மண்ணில் வாழ்ந்தும், காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் எங்களிடம் இல்லை.

சரக்கு அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் இராபர்ட்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மோட்டார் சைக்கிளில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை பெங்களூரிலிருந்து புறப்பட்டோம். மாரிக்குப்பத்திற்கு இரயில் இருக்க, இரயில்வேக்காரர் இருவர் சாலை வழியே செல்வானேன் என்று அன்பர்கள் நகைக்கலாம். இடையில் நின்று பார்க்கவேண்டிய இடங்கள் இருந்தன, அதுவே காரணம்.

ஒசகோட்டையைக் கடந்து கோலாரை அடைந்து, கோலாரம்மன் கோயிலுக்குச் சென்றோம். குவளாலம் எனப் பழந்தமிழ்க் கல்வெட்டுக்கள் குறிப்பிடும் ஊர் இதுவே. சோழர் ஆட்சியில் இந்நாடு நிகரிலிச் சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. கங்கை கொண்ட இராசேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்துக்கள் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. நண்பர் ஓர் எழுத்தைத் தடவிப் பார்த்து, "இவங்க பேரை எல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க பேரை எங்கேன்னு தேடுறது அண்ணே?" என்றார். படையுடன் வந்த தமிழுக்குக் கல் கிடைத்தது. கூடையும் கடப்பாரையுமாக வந்த தமிழுக்கு அது கிடைக்கவில்லை.

அவ்வாறு வந்தோர் வரலாற்றையும் சிறிது கூறவேண்டும். லவேல் என்னும் பழைய படைவீரர் 1870-களில் மைசூர் அரசாங்கத்தாரிடம் இங்கே சுரங்கம் தோண்ட உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் நிருவாகத்தை ஏற்றபின் தொழில் வளர்ந்தது. ஆழத்தில் இறங்கி வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்த்தான் தாது வருடப் பஞ்சம் வட ஆற்காட்டுச் சீமையைச் சூறையாடியிருந்தது. நிலமற்றோரும், நிலமிருந்தும் விளைவு காணாதோரும் மேஸ்திரிகள் காட்டிய வழியே புறப்பட்டனர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-இலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டை, சந்திப்பிலிருந்து சுரங்கங்களுக்கு 1894-இல் கிளைப்பாதையும் இடப்பட்டது. எங்கள் பூட்டனார் குடியாத்தத்தில் வண்டி ஏறி இப்பாதையில்தான் வந்திருத்தல் கூடும் என்பது என் ஊகம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி இழுத்துச் சுரங்கத்திற்கு மின்சாரம் கொண்டுவந்தனர். பொறிகள் மின்சாரத்தால் ஓடின. தொழிலாளர் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர்.

சாம்பியன் ரீப்பை நாங்கள் அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளுடன் மூடப்பட்ட சுரங்கம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து செல்லும் அக்குழிகளின் மேல் இரும்புச் சட்டங்கள் துருவேறி நிற்கின்றன. சயனைடு மண்மேடுகள் சிறு குன்றுகள் போல் காட்சி தருகின்றன. லைன் வீடுகளில் மக்கள் இன்னும் வாழ்கின்றனர். அவர்களுள் பல்லாயிரவர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகின்றனர். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்திற்குக் கிளை அமைத்து, அவர் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை வாயிலாக அச்சிட்ட மக்களின் ஊர் இது என்பதை, இதனை வெறும் கூலிகளின் ஊராக எண்ணுவோர் அறிதல் வேண்டும்.

பழைய வேலையாட் பதிவேடுகள் இருந்ததாகச் சொல்லப்பட்ட அலுவலகம் பூட்டிக் கிடந்தது. வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், தாமும் தம் தந்தையாரும் குழியில் இறங்கியவர்கள் என்றார். "ரேகைப் புஸ்தகமா தேடுறீங்க? அதை வேணாம்னுதானே எங்க அப்பா காலத்துல ஸ்டிரைக் பண்ணாங்க!" என்று சிரித்தார்.

அவர் கூறியது 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து வேலைநிறுத்தத்தை. ஒவ்வொரு தொழிலாளியின் விரல் ரேகையையும் எடுத்துப் பதிவு செய்யக் கம்பெனியார் முயன்றனர். ரேகை எடுப்பது குற்றவாளிகளுக்கு உரியதன்றோ என்று தொழிலாளர் கொதித்தனர். ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் வேறு சுரங்கத்தில் வேலை பெறுவதைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்ற ஐயமும் இருந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. நாங்கள் தேடிச் சென்றதோ அத்தகைய பதிவேட்டைத்தான். எங்கள் பூட்டனார் அவ்வேலைநிறுத்தத்தில் நின்றிருந்தால், தமக்குப் பின்வரும் பிள்ளைகள் அந்த ரேகைக்காக அலைவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். நினைத்திருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார் என்றே நான் கருதுகிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாமே என்ற யோசனை நண்பருடையது. தலைமையாசிரியை அம்மையார் எழுத்து மூலமான விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு, பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துவரச் செய்தார். செல்லரித்த ஓரங்களுடன் எட்டுப் புத்தகங்கள். மூன்றாவதில், 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பக்கத்தில், என் பாட்டனார் பெயர் இருந்தது. வயது ஏழு. பிறந்த இடம் சாம்பியன் ரீப். தந்தை பெயர், சாதி, தொழில், லைன் வீட்டு எண் யாவும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. பூர்வீக ஊருக்கு அப்பதிவேட்டில் இடமே இல்லை. ஆகவே "குடியாத்தம் பக்கம்" என்பது அப்படியே நிற்கிறது. பெற்றோர் கையொப்பம் இடவேண்டிய கட்டத்தில் கருமையில் ஒரு பெருவிரல் ரேகை.

வேலைநிறுத்தம் நடந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது. நண்பர் அந்த ரேகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை, விதி அவ்வாறு. அம்மையார் தம் கையாலேயே நகல் எழுதி முத்திரை இட்டுத் தந்தார். ரேகை இருந்த இடத்தில் "இடது கைப் பெருவிரல்" என்று மட்டும் எழுதினார். அந்நகலை விண்ணப்பத்துடன் இணைத்துத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம்.