கண்மடற் கட்டியும் தமிழ்க் கத்தியும்

காலையில் முற்றத்தில் ஓடி விளையாடிய குழந்தை, மாலையில் ஒரு கண்ணைத் திறக்கமாட்டாது சோர்ந்து கிடக்கின்றது. கண்மடல் சிவந்து பருத்துவிட்டது, காய்ச்சலும் கூடுகின்றது. சிறு கீறலோ, பூச்சிக்கடியோ வழிவிட, கிருமிகள் உட்புகுந்து சீழ் வைத்துவிட்டன. கண்மடலின் பின்னே மெல்லிய சவ்வொன்று உண்டு; அதுவே கண்குழிக்குக் காவற் கதவு. நோய் அதனைக் கடப்பின் பார்வை போகலாம். மூளையை எட்டின் உயிருக்கே ஆபத்து.

நுண்ணுயிர் எதிரிகள் தோன்றுமுன், இதற்கு ஒற்றடமும் கத்தியுமே துணை. அக்கத்தியோ நுட்பமானது. கீறல் கண்மடலின் மடிப்பையொட்டிக் குறுக்காகச் செல்லவேண்டும். மடலை உயர்த்துந் தசையையும், மூக்கோரத்துக் கண்ணீர்க் குழாய்களையும் தீண்டலாகாது. கை தவறினாற் குழந்தை வாழ்நாள் முழுதும் அரைக்கண்ணோடு இருக்கும். ஆகவே, கீறுபவன் உடலமைப்பை ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும்.

அக்கல்வியை யாழ்ப்பாணத்திலே தமிழில் அளித்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவிற் பிறந்த இவர், 1847இல் மிசன் வைத்தியராக இங்கு வந்தார். எடின்பரோவிலே சிம்சன் குளோரபோமின் மயக்கும் ஆற்றலை உலகறியச் செய்ததும் அவ்வாண்டே. மானிப்பாயில் அமர்ந்த கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் அரச உத்தியோகத்தை நாடிச் செல்வர். தமிழிற் கற்றோரே தம் ஊராரிடையே தங்குவர் எனக் கண்டு, பின்னர் தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம் 1857இலும், சத்திர சிகிச்சை கூறும் இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன.

1867ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. கிருமியே புண்ணைச் சீழாக்கும் எனக் கொண்டு, காபாலிக்கு அமிலத்தாற் புண்ணைக் காக்கும் முறையை லிஸ்ரர் வெளியிட்டதும் அவ்வாண்டே. தமிழில் நூல் அச்சேறும்போதே சத்திர வைத்தியம் அடுத்த படியில் ஏறிவிட்டது. நூலாக்கம் ஒருமுறை செய்து ஓயும் வேலையன்று, தொடர்ந்து புதுக்கப்படவேண்டியது. கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார், 1884இல் மறைந்தார். அவருக்குப்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை.

இன்று மருந்து முந்துகின்றது. சீழ் திரண்டு வடியாதபோதே கத்தி வருகின்றது. இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றுக்கு 2008 முதல் இலங்கைக் குழந்தைகள் தடுப்பூசியும் பெறுகின்றனர். எனினும், வீங்கிய கண்மடலைப் பிதுக்காது, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டியவள் தாயே. அவளுக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லுங் கடமை மானிப்பாயிலே தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.