எல்லைக்கோட்டுக்கு வெளியே: சிறார் கால்பந்தும் பெரியவர்களின் குரலும்

ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானம் மூன்று ஐரோப்பிய அரசுகளின் கட்டளைக் குரலைக் கேட்ட நிலம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூவரும் தத்தம் படையினரை அங்கே அணிவகுக்கச் செய்தனர். படைகள் அகன்றபின் அந்நிலம் விளையாடும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. ரூபஸ் டிசோசா அங்கே பல பத்தாண்டுகள் கால்பந்தும் ஹாக்கியும் கற்பித்தார். அப்பகுதியிலேயே வெளி மைதானமும் உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் தொழில் செய்யும் சலவைத் துறை அந்த வெளிப் பகுதியில்தான் இருக்கிறது. மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு இத்தகைய திறந்த நிலங்கள் அரிய செல்வம்.

அந்நிலங்களில் சிறார் ஆடும்போது, கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர் எவ்வளவு பேசலாம்? இக்காலப் பெற்றோரின் சிக்கல் போலத் தோன்றும் இக்கேள்விக்குக் கால்பந்தின் வரலாற்றிலேயே விடை தேட இடமுண்டு.

1863இல் இலண்டனில் வகுக்கப்பட்ட முதல் விதிகளில் நடுவர் என்ற பதவியே இல்லை. பிணக்கு எழுந்தால் ஆடுவோரே பேசித் தீர்த்துக்கொள்வர் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. பின்னர் இரு அணிகளும் ஆளுக்கொரு தீர்ப்பாளரை நிறுத்தின. 1891இல்தான் நடுவர் முழு அதிகாரத்துடன் மைதானத்துக்குள் வந்தார். வெளியே நிற்பவர் ஆடுவோருக்கு யோசனை கூறுவதும் நெடுங்காலம் விதிக்குப் புறம்பாகவே இருந்தது. கோட்டருகிலிருந்து பயிற்சியாளர் கட்டளையிடுவதை நடுவர் அனுமதிக்கலாகாது என்பதே நிலை. 1990களின் தொடக்கத்தில்தான் அத்தடை தளர்ந்து, பயிற்சியாளர் நின்று பேசுவதற்கென ஓர் எல்லை குறிக்கப்பட்டது. ஆக, வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்தும் உரிமை கால்பந்துடன் பிறந்ததன்று. மிக அண்மையில், அதுவும் வரம்புடன் தரப்பட்டது.

கேரளத்தின் கால்பந்து மரபு ஆரவாரத்தால் வளர்ந்தது என்பதையும் மறுக்க இயலாது. 1973 டிசம்பர் 27 அன்று எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. அந்த வெற்றியை அதைக் கொண்டாடிய கூட்டத்திலிருந்து பிரித்து எண்ண முடியாது. மலபாரின் செவன்ஸ் ஆட்டங்களில் தற்காலிகக் காலரிகள் அதிரும்படி எழும் குரலும் அம்மரபைச் சேர்ந்ததே. 2017 அக்டோபர் 7 அன்று கலூர் அரங்கில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையின் பிரேசில்–ஸ்பெயின் ஆட்டத்தைக் கண்ட கொச்சி, பிறநாட்டு இளைஞர்களையும் அதே உற்சாகத்துடன் வரவேற்றது.

ஆனால் அரங்கின் ஆரவாரமும் சிறார் ஆட்டத்தின் கோட்டோரக் கூச்சலும் ஒன்றல்ல. அரங்கில் ஆயிரம் தொண்டைகள் ஒன்றாக எழும்போது எந்தச் சொல்லும் தனித்துக் கேட்பதில்லை. ஆட்டக்காரனுக்கு அது கடலோசை போன்றது. பத்து வயதுப் பிள்ளையின் ஆட்டத்திலோ இருபது பேரே நிற்கின்றனர். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகச் செவியில் விழுகிறது. பேசுபவர் தந்தையா, மாமாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதும் பிள்ளைக்குத் தெரியும். 'அடி' என ஒருவர், 'கொடு' என இன்னொருவர், 'திரும்பு' எனப் பயிற்சியாளர். பந்து காலில் தங்கும் இரண்டு நொடிக்குள் அப்பிள்ளை முடிவெடுக்க வேண்டியது ஆட்டத்தைப் பற்றியன்று; யாருக்குக் கீழ்ப்படிவது என்பதைப் பற்றி.

தெரு ஆட்டத்தில் இந்த நெருக்கடி இல்லை. அணி பிரிப்பதும், கல்லை வைத்துக் கோல் குறிப்பதும், அது கோலா இல்லையா என வாதிடுவதும் பிள்ளைகளே. 1863இன் விதிகள் எதிர்பார்த்த அதே தற்சார்பு அங்கே எழுதப்படாமல் இயங்குகிறது. பயிற்சியகங்களும் கட்டணமும் தேர்வு முகாம்களும் பெருகியபோது ஆட்டம் ஒழுங்குபெற்றது. பெண்பிள்ளைகளுக்கும் வாய்ப்பு விரிந்தது. அவற்றுடன் பெரியவரும் கோட்டருகே வந்து நின்றார். பணமும் நேரமும் செலவிட்டவர் பலனை எதிர்பார்ப்பது இயல்பே. அந்த எதிர்பார்ப்பின் சுமை மிகச் சிறியவரின் தோளில் இறங்குகிறது என்பதே சிக்கல். சிறார் ஆட்டங்களில் விசில் பிடிப்பவரும் பல வேளைகளில் தொழில் பழகும் இளைஞரே. தம் தந்தை வயதினர் வசைபாடும் இடத்துக்கு அவர் மறுபடி வர விரும்புவாரா?

இதை உணர்ந்து பிற நாடுகளில் சில முயற்சிகள் நடந்துள்ளன. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் வடக்கு ஒகையோ மாநிலப் பகுதியில் சிறுமியர் கால்பந்து லீக் ஒன்று 'மௌன ஞாயிறு' ஒன்றை அறிவித்தது. பெற்றோரும் பயிற்சியாளரும் அன்று வாய் திறவாமல் பார்க்க வேண்டும். பின்னர் இவ்வழக்கம் பல ஊர்களுக்குப் பரவியது. 2000களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஆஹன் வட்டாரத்தில் ரால்ஃப் குளோர் வகுத்த முறை இன்னும் ஆழமானது. அதில் சிறுவர் ஆட்டத்துக்கு நடுவர் இல்லை; பிள்ளைகளே தீர்ப்பளிப்பர். பெற்றோர் மைதானத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்பர். இரு பயிற்சியாளரும் அருகருகே நின்று இயன்றவரை பேசாதிருப்பர். 2023 அக்டோபரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் சிறார் ஆட்டங்களுக்கென ஒரு வார இறுதியை அமைதிக்கு ஒதுக்கியது.

ஒருநாள் மௌனத்துக்கு எதிரான வாதமும் வலுவானதே. தவறு செய்தவர் சிலராயிருக்க, எல்லோரின் வாயையும் கட்டுவது முறையா? முற்றிலும் ஓசையற்ற மைதானம் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கூடம் போலத் தோன்றாதா? மறுவாரம் பழைய கூச்சல் திரும்பினால் பயன் என்ன? ஜெர்மானிய முறை இவற்றுக்கு விடையளிக்கிறது. அது வாயை மூடச் சொல்வதைவிட நிற்கும் இடத்தை மாற்றுகிறது. பதினைந்து மீட்டர் தள்ளி நிற்பவரின் கைதட்டல் பிள்ளையை எட்டும். கட்டளை எளிதில் எட்டாது.

பரேடு மைதானத்திலோ வெளி மைதானத்திலோ இதைச் செய்து பார்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. கோட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தொலைவில் ஒரு கயிறு போதும். கயிற்றுக்கு அப்பால் கைதட்டலாம். நல்ல ஆட்டத்தை எந்த அணி ஆடினாலும் பாராட்டலாம். நடுவரிடமும் பிள்ளையிடமும் கட்டளை மொழி பேசலாகாது. கருத்துக் கூற ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஒரு பெரியவர் இருக்கட்டும். அவரும் இடைவேளையில் பேசட்டும். ஒரு பருவம் முழுவதும் இதைக் கடைப்பிடித்தால், கோட்டுக்கு உள்ளே இதுவரை கேளாத ஓர் ஒலி எழும். 'இங்கே கொடு', 'பின்னால் ஆள்', 'என் தவறு' எனப் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் குரல் அது.

படைகளுக்குக் கட்டளை தேவைப்பட்டது. அதற்காக ஒரு மைதானம் இருந்தது. அப்படைகள் போய் நெடுங்காலமாயிற்று. இன்று அங்கே ஓடுவோர் படையினரல்லர், பிள்ளைகள். பெரியவர்கள் சற்றுத் தள்ளி நின்றால் போதும். ஆட்டத்தை அவர்களே நடத்திக்கொள்வர்.