குத்தகைக்குள் ஓர் ஊர்

இப்னு பதூதா 1344இல் ஏறிய பாவா ஆதம் மலைக்கு ஹற்றன் வழியாகப் போகிறவர்கள் வந்து சேரும் அடிவாரம் நல்லதண்ணி. டிசம்பர் பூரணை முதல் மே பூரணை வரை பல சமயத்தாரும் வந்து போகும் இந்த ஊரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்து வீதி யாருடையது? தாய் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தை உறங்கும் பிள்ளைக்காம்பரா யாருடையது? விடை தேடிப் போனால் ஒரு குத்தகைப் பத்திரத்தின் முன்னால் போய் நிற்போம்.

உள்ளூராட்சி மன்றம் ஒன்று கட்டிடம் இல்லாதபோது குத்தகைக்கு எடுக்கும். இருந்தால் குத்தகைக்கு விடும். தவணை எவ்வளவு, வாடகை எவ்வளவு, திருத்த வேலை யார் பொறுப்பு, தவணை முடிந்ததும் உடைமை யாருக்கு என்பன அதில் எழுதப்படும். மலையகத்தில் நடந்ததோ வேறு. பொதுக் கட்டிடங்கள் தோட்டத்தோடு சேர்ந்தே குத்தகைக்குப் போயின. சபை அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவும் இருக்கவில்லை.

இந்த விலக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களின் இறுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதே தோட்டத் தொழிலாளர் அதன் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம என்னும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் சேர்ந்தன. துரை மாறினார், லயம் மாறவில்லை.

1992 ஜூனில் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். தொடக்க வாடகை, தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா! 1996இல்தான் அது கணிசமாக உயர்த்தப்பட்டது. கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் குத்தகைச் சொத்துகளின் பட்டியலில் காணி, தேயிலைச் செடி, இயந்திரம் ஆகியவற்றோடு வீதிகள், பாலங்கள், கட்டிடங்கள் என்பனவும் நிற்கக் காணலாம். ஏனைய ஊர்களில் மன்றத்தின் ஏட்டில் இருக்க வேண்டியவை இங்கே கம்பனியின் ஐந்தொகையில் இருக்கின்றன.

இதற்கிடையே 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. பிரஜாவுரிமை பெற்ற தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செலவாவதற்குத் தடையாக நின்றது. வாக்குப் பெட்டி தோட்டத்துக்குள் வந்தது; ஒரு வண்டி கல்லும் மண்ணும் வரவில்லை.

2018 இவ்விடயத்தில் முக்கியமான ஆண்டு. அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் கிடைத்து, பெப்ரவரி 10இல் தேர்தலும் நடந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களுக்குள்ளும் சபைகள் பணி செய்ய வழி திறந்தது. இது சிறிய வெற்றியல்ல. ஆயினும் செலவு செய்யும் உரிமை வேறு, உடைமை வேறு. சபையொன்று தோட்டத்தில் வாசிகசாலை கட்ட விரும்பினால், நிலத்தை விடுவிக்கக் குத்தகைக்காரரின் இணக்கம் வேண்டும். மக்கள் பணத்தில் சுவர் எழலாம். அதன் அடியிலுள்ள மண் இன்னொருவர் பத்திரத்தில் இருக்கும்.

அந்தப் பத்திரத்தின் தவணை 2045 ஜூனில் முடிகிறது. நெடுந்தூரம் போலத் தோன்றும். இன்று முதலாம் வகுப்பில் சேரும் குழந்தை அப்போது முப்பது வயதைக்கூட எட்டியிராது. புதிய ஒப்பந்தம் எழுதும் நாளில் தேயிலைக்கு ஒரு பட்டியலும், வீதி, பாடசாலை, மருந்தகம், பிள்ளைக்காம்பரா ஆகியவற்றுக்கு வேறொரு பட்டியலும் எழுதப்பட வேண்டும். முதலாவது பட்டியல் யாருக்கும் குத்தகைக்குப் போகட்டும். இரண்டாவது ஊருடையது, அது ஊர் தெரிவு செய்த சபையின் ஏட்டில் ஏற வேண்டும். அந்த இரண்டாவது பட்டியலைத் தயாரிக்க 2045 வரை காத்திருக்கத் தேவையில்லை. தோட்டந்தோறும் எவை பொதுவானவை என்று எண்ணி எழுதுவதற்கு ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.