ஊவாத் தோட்டங்களில் நோயும் பணிவிடையும்

“மூன்று மாதமாக முழுகவில்லை” என்று ஒரு பெண் சொன்னால், தமிழ்க் கிராமத்திலே பிறந்தவர் எவரும் அவள் கருவுற்றிருக்கிறாள் என்பதை உடனே அறிந்துகொள்வர். மாதவிலக்கு நீங்கித் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த நயமான சொல் அது. தமிழை அகராதியிலே கற்றவருக்கோ, அவள் மூன்று மாதமாகக் குளிக்காதவள் என்றே பொருள்படும். பதுளை, பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைகளில் நடந்த வைத்தியத்தின் சரித்திரத்தில், மருந்துப் புட்டிக்கு எத்துணை இடமுண்டோ அத்துணை இடம் இத்தகைய சொற்களுக்கும் உண்டு.

கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்தவர் பெரும்பாலும் ஆடவர். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து மலையேறினர். கொள்ளைநோயும் அம்மையும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. அறுவடை முடிந்ததும் மீண்டோர் அநேகர். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிரசவமும் குழந்தை வளர்ப்பும் தோட்டத்துக் காரியங்களாகின.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கும் சட்டம் முதன்முதல் 1872இல் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. பிள்ளைபெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் போதிய உணவும் இருப்பிடமும் அளித்தல் வேண்டும். வைத்தியர் தகுதியுடையவள் என்று சொன்னாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைத்தலாகாது. சட்டம் எழுதியோர் தமிழர் வழக்கத்தை நினைத்தா எழுதினர் என்பது ஐயமே. ஆயினும் பாட்டிமார் வகுத்திருந்த முப்பது நாளும் சட்டத்தின் ஒரு மாதமும் ஒன்றாயின. அந்த முப்பது நாளும் பூண்டும் மிளகும் பெருங்காயமும் சேர்ந்த பத்தியம், குளிர்நீர் கூடாது, மலைக்காற்று படலாகாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதோ வேறு கதை. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்காதவருக்கு அன்றைய பேர் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குச் சென்றால் ஒருநாட் கூலி போயிற்று. அங்கே போனவள் எதிர்ப்படுவது ஒரு கேள்வி: “புருஷன் பெயர் என்ன?” கணவன் பெயரை வாயாற் சொல்லாத மரபிலே வளர்ந்தவள் தலைகுனிந்து நிற்பாள். எழுதுகிறவர் அவளை மூடமென்று எண்ணுவார். உடன்வந்த மாமியாரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் காரியம் அது. சமையல் செய்தவர் எந்தச் சாதி என்ற கவலையும் அந்நாளில் சிலருக்கு இருந்தது. இறக்கும் தறுவாயில் மட்டுமே நோயாளரைக் கொண்டுசேர்த்தமையால், ஆஸ்பத்திரி என்பது சாகப்போகும் இடம் என்ற பேச்சு லயங்களிலே வேரூன்றியது. அந்தப் பேச்சே அடுத்த நோயாளியையும் தாமதிக்கச் செய்தது.

துரைமாருக்கென்று கொழும்பிலே அச்சான தமிழ்க் கைநூல் ஒன்றின் பெயரே “இங்கே வா!” என்பது. கட்டளையிடுவதற்கு அந்தத் தமிழ் போதும். வயிற்றுநோவு எத்தகையது என்று கேட்டறிவதற்குப் போதாது.

1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்து வீரியமானது, புழுவும் வெளியேறியது. ஆனால் வெறுங்காலுடன் மலையேறும் மக்களுக்கு மலகூடம் இல்லாத லயத்தில் அதே நோய் மறுபடியும் தொற்றியது. பேதிமருந்தின் வேதனை ஏன் என்பதைத் தம் சொந்த மொழியில் கேட்டறியாதவர் அதற்கு அஞ்சி ஒளிந்தால் அதிலே வியப்பென்ன?

இதே தீவின் வடபாகத்தில் வேறொரு வழி ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழாக்கினார். நோயாளியின் சொல்லே வைத்தியனுக்கு முதற்கருவி என்று அவர் கண்டார். அந்த ஞானம் ஊவா மலைகளை எட்டவில்லை.

எட்டியிருக்கவேண்டிய காலத்தில் வேறொன்று வந்து குறுக்கே நின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை அற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. லயத்திலே பிறந்து, முழுகாமை என்றால் என்ன, அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை ஏன் என்பதையெல்லாம் தாய்ப்பாலுடன் அறிந்த பெண்கள் அரசாங்கத் தாதியராக வரும் வாயில் இவ்வாறு அடைபட்டது. 1956இல் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழியாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களையே இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு ஏற்றது 1987இல். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல். இடைப்பட்ட தலைமுறைகளிலே ஊவா மலைகளில் எத்தனை பிரசவங்கள் நிகழ்ந்திருக்கும்! நல்ல மனமுடைய சிங்களத் தாதியர் பலர், நோயாளியிடமிருந்தே தமிழ் கற்றுப் பணிசெய்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1950களிலிருந்து இவ்விஷயத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தாதி மடலின் லைனிங்கர் இதற்கு ஒரு முறை வகுத்தார். மக்களின் வழக்கத்துள் எதைக் காப்பது, எதற்கு இடங்கொடுத்து இணங்குவது, எதை அவர்களோடு கலந்து மாற்றுவது என்று தாதி ஆராயவேண்டும் என்பது அவர் கொள்கை. தோட்டத்துக்கு அதனைப் பொருத்தினால், மிளகு ரசத்தை விலக்க வேண்டியதில்லை. கட்டில் தலைமாட்டில் வேப்பிலை செருகினால் எவருக்கும் கேடில்லை. சீம்பாலைப் பீய்ச்சி நிலத்தில் விடும் வழக்கத்தை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். குழந்தைக்கு நோயெதிர்க்கும் வலிமை அதிலுண்டு. ஆனால் அதை மாற்றுவதற்குத் தாயிடம் பேசிப் பயனில்லை. அடுப்படியில் அமர்ந்து பத்தியம் காய்ச்சுகிற கிழவியிடம் பேசவேண்டும், அவளிடம் “பாட்டி, நீங்கள் எத்தனை பிள்ளை பெற்றீர்கள்?” என்று தொடங்கவேண்டும்.