நாற்சார் வீடு விற்பனைக்கு

"யாழ்ப்பாணத்தில் 14 பரப்புக் காணியுடன் பழைய நாற்சார் வீடு உடன் விற்பனைக்கு. நன்னீர்க் கிணறு, மா, பலா, தென்னை, பயன்தரு பனைகள். உறுதி சுத்தமானது. தரகர் வேண்டாம்."

போன மாதம் பெரியம்மா எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட விளம்பரம் இது. அம்மம்மாவின் வீடு. நாலு பிள்ளைகளுக்கும் பிரிக்காமல் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டா. நாலில் மூன்று பேர் வெளிநாட்டில், அம்மா மட்டும்தான் இங்கே. "உதை வைச்சு என்ன செய்யப்போறம், பராமரிக்க ஆள் வேணுமே" என்று மாமா கேட்டார். கேள்வி நியாயமானது. ஓட்டு மாற்றவே லட்சக்கணக்கில் வேணும்.

விளம்பரத்தில் "உறுதி சுத்தமானது" என்று இருந்ததால் அலுமாரியில் கிடந்த பழைய உறுதிகளை எடுத்து வாசித்தேன். வீட்டின் வரலாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தூணும் திண்ணையும் சங்கடப்படலையும்தான். உறுதியில் இருந்ததோ வேறு வரலாறு.

முதலில் காணிக்கு ஒரு பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஆலடி, பனையடி என்பது மாதிரி ஒரு பெயர் உண்டு. எங்கட காணியின் பெயரை வீட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தது அளவு. பேர்ச்சும் ஏக்கரும் இல்லை, "வரகு விதைப்பு" லாச்சம். எவ்வளவு வரகு விதைக்கலாம் என்று பார்த்து நிலத்தை அளந்த காலத்துக் கணக்கு அது. இன்று 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் போடுகிறோம். இப்போது அங்கே வரகு விதைக்க ஆளில்லை, ஆனால் உறுதிகளில் அந்தச் சொல் இன்னும் விடாமல் வருகிறது.

பிறகு கிணறு. வளவுக் கிணறு முழுக்க எங்களுடையது என்றுதான் நினைத்திருந்தோம். உறுதியில் பக்கத்துக் காணிக்காரருக்கும் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கிறது. ஆறில்லாத ஊர் இது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும், அதைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் காணியைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்காமல் பங்கு போட்டார்கள். "நன்னீர்க் கிணறு" என்று விளம்பரத்தில் எழுதிய பெரியம்மாவுக்கும் இது தெரியாது.

வீட்டைக் கட்டியது பூட்டன். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆங்கிலம் படித்து மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் ரயில்வேக்காரராகவும் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய பெரிய வீடுகள் குடாநாடு முழுக்க இருக்கின்றன. நடுவிலே முற்றம், நாலு பக்கமும் சார்ப்பு, மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். வெயில் காலத்தில் சூடு முற்றத்தால் மேலே போய்விடும். இந்த வீட்டைச் சிலர் "பாரம்பரியத் தமிழ் வீடு" என்று படம் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். கட்டட முறை பழையதுதான், கட்டின காசு வெளிநாட்டுக் காசு. இன்று கனடாக் காசில் மாடி வீடு எழும்புவதைப் பார்த்துக் குறைசொல்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பூட்டன் கட்டினாலும் வீடு ஆண்பிள்ளைக்குப் போகவில்லை. சீதன உறுதியாக அம்மம்மாவுக்கு எழுதப்பட்டது. எங்கட ஊரில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இதை வைத்து "யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சொத்துரிமை அப்பவே இருந்தது" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கணவன் மறுத்தால் நீதிமன்றம் போகலாம். ஆனால் கணவன் தன்னுடைய காணியை விற்க மனைவியிடம் இப்படிக் கேட்கத் தேவையில்லை. ஆக, அம்மா தன் தாயின் வீட்டில் தன் பங்கை விற்க அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சிரித்துக்கொண்டு "நான் தடுக்கமாட்டன்" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

தேசவழமை என்று நாங்கள் சொல்கிற வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். அதில் காணி விற்பனை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. விற்க நினைப்பவரின் எண்ணத்தை, அவர் சார்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் முன்வாங்கும் உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். வாரிசுகள், பங்காளிகள், ஈடு வைத்திருக்கும் அயல் காணிக்காரர் எல்லோருக்கும் அந்த உரிமை இருந்தது. 1947இல் வந்த கட்டளைச் சட்டம் அதைப் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் என்று சுருக்கியது.

மூன்று ஞாயிறு என்பதை வாசித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. விற்பதென்றால் முதலில் ஊரைக் கேட்பது. எங்கட விளம்பரத்தில் விலை இருக்கிறது, கேள்வி இல்லை.

ஆனால் அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் தனிப் பகுதி இருக்கிறது. மனிதர்களையும் காணி மாதிரிச் சொத்தாக எழுதிய பகுதி. இலங்கையில் அடிமைமுறையை 1844இல்தான் சட்டத்தால் ஒழித்தார்கள். அவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருவரும் கேட்கவில்லை. சட்டம் போன பிறகும் வளவுகள் உடனே மாறவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. விற்க முதல் வீட்டை ஒருக்கா அளந்து படம் எடுப்பம் என்று மச்சாளும் நானும் டேப்போடு போனோம். அடிவளவில் நிற்கும்போது வேலியால் ஒரு வயதான ஐயா எட்டிப் பார்த்தார். சின்ன வயதில் தகப்பனோடு வந்து இந்த வளவில் துலா மிதித்தவராம், பனை ஏறினவராம். எந்தப் பனை ஆண், எது பெண், எந்தப் பக்கத்து மதில் புதுசு, எங்கே மாட்டுக்கொட்டில் இருந்தது என்று எல்லாம் சொன்னார். எங்கட வீட்டில் ஒருவருக்கும் தெரியாத காணியின் பெயரையும் அவர் சொன்னார். "உள்ள வாங்கோ ஐயா, முற்றத்தைப் பாருங்கோ" என்று மச்சாள் கூப்பிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் உந்தத் திண்ணைக்கு அங்கால போனதில்லை" என்றார்.

திரும்பக் கூப்பிட்டோம். கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றப் போனவரை "கழற்ற வேண்டாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனோம். முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். "மழைக்கு இது முழுக்க நனையுமே?" என்று மட்டும் கேட்டார்.

வீடு விற்கப்படும். நான் அதைத் தடுக்கப்போவதில்லை, தடுக்க எனக்குப் பங்கும் இல்லை. குழுவில் மூன்று விஷயம் மட்டும் எழுதினேன். கிணற்றில் பக்கத்துக் காணிக்காரருக்குப் பங்கு இருக்கிறது, வாங்குபவருக்கு முதலே சொல்ல வேண்டும். புது உறுதியிலும் காணியின் பெயரை விடாமல் எழுத வேண்டும். அந்த ஐயா சொன்னதை நான் பதிவுசெய்து வைத்திருக்கிறேன், எல்லோரும் கேட்க வேண்டும். பெரியம்மா கைவிரல் அடையாளம் ஒன்று போட்டா. மாமா இன்னும் கேட்கவில்லைப் போல.

உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய உறுதி இருக்கும். விற்பதோ வைத்திருப்பதோ, அதை ஒருமுறை எடுத்து வாசியுங்கோ. வாசித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமும் கேளுங்கோ.