கடலோடிகளின் பிழைகளும் கடலறிவும்



'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கற்றுக்குட்டி தவறுவதில் வியப்பில்லை. கைதேர்ந்தவன் தவறும்போதுதான் நாம் நின்று சிந்திக்கின்றோம். நிலத்திற் சறுக்கியவன் எழுந்து நடக்கலாம். கடலிற் சறுக்கியவனுக்கு அந்த வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை. ஆகவே ஒரு மாலுமி செய்த பிழையை மற்றொரு மாலுமி தான் செய்யாமலே அறிந்துகொள்வது எவ்வாறு என்னும் வினா, கடலோடிகளின் வரலாற்றில் உயிரைப் பற்றிய வினாவாகவே இருந்து வந்துள்ளது.

அநுபவத்தைத் தமிழிற் 'பட்டறிவு' என்கிறோம். பட்டு அறிதல் என்பது பொருள். கடலில் எல்லாவற்றையும் தானே பட்டறிய முற்படுபவன், அறிந்ததைப் பயன்படுத்த உயிரோடு இருப்பான் என்பது நிச்சயமன்று. பிறர் பட்டதைத் தான் அறிந்துகொள்வதே அவனுக்குரிய வழி. இந்த உண்மையை விளக்கும் சில நிகழ்ச்சிகளை வரலாற்றிலிருந்து எடுத்துக் கூற விரும்புகின்றேன். அனைத்தும் பாய் விரித்தோடும் கலங்களைப் பற்றியவை. அவற்றிற் பிழை செய்தோருள் பெரும்பாலோர் கடலறிவிற் சிறந்தவர்கள்.

முதலாவது நிகழ்ச்சி 1707 ஆம் ஆண்டுக்குரியது. பிரான்சின் தென்கரையிலுள்ள தூலோன் துறைமுகத்தைத் தாக்கச் சென்று மீண்ட பிரித்தானியக் கடற்படையின் 21 கப்பல்கள், ஜிப்ரால்டரிலிருந்து தாயகம் நோக்கிப் புறப்பட்டன. தலைமை தாங்கியவர் தளபதி சேர் கிளவுட்ஸ்லி ஷவல். சிறு வயதிலேயே கடலுக்குச் சென்று, படிப்படியாக உயர்ந்து, தளபதிப் பதவியை எய்தியவர் அவர். வழி நெடுகிலும் காற்றும் மழையும் கப்பல்களை அலைக்கழித்தன. பழைய நாட்காட்டியின்படி ஒக்டோபர் 22 ஆம் திகதி இரவு, ஆங்கிலக் கால்வாயின் வாயிலிற் பாதுகாப்பான இடத்திலே செல்வதாக எண்ணிக்கொண்டிருந்த அக்கப்பற்படை, சில்லித் தீவுகளின் மேற்குப் பாறைகளில் வந்து மோதிற்று. நான்கு கப்பல்கள் அழிந்தன. தளபதி ஏறியிருந்த 'அசோசியேஷன்' சில நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றிரவு இறந்தோர் தொகை 1,400 முதல் 2,000 வரை இருக்கலாமெனக் கணிக்கப்படுகிறது.

இத்துணை அநுபவம் வாய்ந்தோர் வழி தவறியது எவ்வாறு? அக்காலத்தில் நடுக்கடலில் இடமறியும் முறை மதிப்பீட்டையே நம்பியிருந்தது. முடிச்சிட்ட கயிற்றைக் கடலிலே விட்டு, மணற்கடிகாரத்தைக் கொண்டு வேகத்தை அளந்தனர். திசையறிகருவியாற் சென்ற திசையைக் குறித்தனர். நண்பகற் சூரியனின் உயரத்தைப் பார்த்து அகலக்கோட்டைக் கணித்தனர். மேகம் சூரியனை மறைத்தாற் கணிப்புக்கு இடமில்லை. நெடுங்கோட்டை நடுக்கடலில் அறியும் நம்பகமான முறை அன்று எவரிடமும் இருக்கவில்லை.

எனவே, நெடுங்கோடு தெரியாமையே இந்த அழிவுக்குக் காரணமென மக்கள் பேசிக்கொண்டனர். 1714 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம், நெடுங்கோட்டைக் கணிக்கும் வழியைக் கண்டுபிடிப்போருக்கு 20,000 பவுண் வரை பரிசளிக்கச் சட்டம் இயற்றிற்று. ஜோன் ஹரிசன் என்னும் தச்சர் மகன் அமைத்த கடற்கடிகாரங்கள் பின்னர் அந்த வினாவுக்கு விடை தந்தன. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அன்றிரவு தப்பிய கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் அழியாது பேணப்பட்டிருந்தன. அவற்றை 20 ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தபோது, நெடுங்கோட்டில் மட்டுமன்றி அகலக்கோட்டுக் கணிப்பிலும் பிழை இருந்தமை தெரியவந்தது. கடற்படங்களும் வழிகாட்டி நூல்களும் சில்லித் தீவுகளைச் சரியான இடத்திற் காட்டவில்லை. திசையறிகருவிகளும் நம்பத்தக்க நிலையில் இருக்கவில்லை. சிறு சிறு பிழைகள் பல ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, இறுதியிற் பாறையிற் கொண்டுபோய் விட்டன என்பதே உண்மை.

இங்கே மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். தீவுகள் அருகில் உள்ளன என்று எச்சரித்த மாலுமி ஒருவனைத் தளபதி தூக்கிலிட்டார் என்றொரு கதை பிற்காலத்தில் எழுந்தது. அதற்குத் தக்க சான்று எதுவும் இல்லை. எனினும் அக்கதை இன்றும் சொல்லப்படுகிறது. பேரழிவு ஒன்று நேர்ந்தால் அதற்கு ஒரு கொடியவனைத் தேடுவது மனித மனத்தின் இயல்பு. கொடியவன் கிடைத்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. கதை எமக்குக் கோபத்தைத் தந்தது. பாடத்தைத் தந்தவையோ உலர்ந்த எண்களைக் கொண்ட நாட்குறிப்பேடுகள்.

தளபதி ஷவல் தமது பிழையை எடுத்துச் சொல்ல உயிரோடிருக்கவில்லை. தமது பிழையைத் தாமே எழுதிவைத்த மாலுமி ஒருவரை இனிக் காண்போம். அவர் பெயர் ஜோசுவா ஸ்லோக்கம். 1844 ஆம் ஆண்டு கனடாவின் நோவாஸ்கோசியாவிற் பிறந்தவர். இளமையிலே கடலுக்குச் சென்று, பல பெருங்கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர். 1895 ஆம் ஆண்டு ஏப்ரலில், தமது 51 ஆம் வயதில், 37 அடிக்குச் சற்றுக் குறைந்த 'ஸ்பிரே' என்னும் பாய்க்கலத்தில், துணை எவருமின்றிப் பொஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். உலகைத் தனியே பாய்க்கலத்திற் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. 1898 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திரும்பி வந்தபோது ஏறக்குறைய 46,000 மைல் ஓடியிருந்தார்.

பொஸ்டனை விட்ட ஸ்லோக்கம் முதலிலே தங்கிய துறை குளொஸ்டர். அப்பெயர் நமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, நம்மூர் மாலுமிகளால் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்டிற் சென்றடைந்த துறை அதுவேயாம். அங்கேதான் ஸ்லோக்கம் பழைய தோணி ஒன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த முனையைப் பலகையால் அடைத்துத் தமது கைத்தோணியாக்கிக் கொண்டார்.

அந்த அரைத்தோணி அவருடைய உயிரைப் பறிக்க இருந்தது. 1895 டிசெம்பரில் உருகுவே நாட்டுக் கரையோரமாகச் செல்லும்போது, நிலவொளியில் மணற்குன்றுகளின் தோற்றம் அவரை ஏமாற்றிற்று. கரைக்கு மிக அருகிற் சென்ற 'ஸ்பிரே' மணலில் ஏறிவிட்டது. அலைகள் அதனை மேலும் கரையிலே தள்ளாதிருக்க, நங்கூரத்தைக் கைத்தோணியில் ஏற்றிச்சென்று கடலில் இட முயன்றார். பாரம் தாங்காத தோணி நீர் நிறைந்து கவிழ்ந்தது. அதன் விளிம்பைப் பற்றிய அந்த வேளையில், தமக்கு நீந்தத் தெரியாது என்பது அவருடைய நினைவுக்கு வந்தது! மும்முறை அதனை நிமிர்த்த முயன்று தோற்று, நான்காம் முறை நிமிர்த்தி, ஒருவாறு கரை சேர்ந்தார்.

இவ்வளவையும் நாம் அறிவது, 1900 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவரே ஒளிக்காமல் எழுதியமையாலாகும். கரையை மிக நெருங்கிச் சென்றது தமது தவறென்றும், கண்ணுக்குத் தோன்றியதை நம்பியிருக்கக் கூடாதென்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். உலகைச் சுற்றிய வீரர் அதனை எழுதாது விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவருடைய புகழும் குறைந்திராது. ஆனால் இராக்காலத்திற் கரையின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதே என்னும் பாடம் பின்வந்தோருக்குக் கிடைத்திராது. 1909 ஆம் ஆண்டிலே அதே 'ஸ்பிரே'யில் மீண்டும் தனியே புறப்பட்ட ஸ்லோக்கம் திரும்பி வரவேயில்லை. என்ன நேர்ந்ததென எவருக்கும் தெரியாது. 1895 இல் நேர்ந்த பிழையிலிருந்து உலகம் கற்றது. 1909 இல் நேர்ந்ததிலிருந்து எதனையும் கற்க இயலவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சிக்காக மீண்டும் சில்லித் தீவுகளின் கடலுக்கே செல்ல வேண்டியுள்ளது. இங்கிலாந்தின் கவ்ஸ் துறையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தெற்கேயுள்ள பாஸ்நெற் பாறையைச் சுற்றி, அக்காலத்திற் பிளிமத் துறைக்குத் திரும்பிய பாய்ப்படகுப் போட்டி ஒன்று நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1979 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் திகதி 303 படகுகள் அப்போட்டியிற் புறப்பட்டன. 13 ஆம் திகதி பிற்பகல் வானிலை அறிக்கை பெரும்புயல் எதனையும் கூறவில்லை. கடும்புயல் எச்சரிக்கை இரவிலே வந்தபோது பல படகுகள் புயலின் நடுவே இருந்தன. அந்த இரவிலும் மறுநாளிலும் போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. வானூர்திகளும் கப்பல்களும் உயிர்காப்புப் படகுகளும் நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்டன.

அவ்வழிவின் பின்னர் நிகழ்ந்ததே நம் கவனத்துக்குரியது. போட்டியை நடத்திய கழகமும் பிரித்தானியப் பாய்ப்படகோட்டிகளின் தேசிய சங்கமும் சேர்ந்து, படகுத் தலைவர் எல்லோருக்கும் நீண்ட வினாக்கொத்தை அனுப்பின. எந்தப் பாயை விரித்திருந்தீர், எப்போது சுருக்கினீர், படகு எத்தனை தரம் சாய்ந்தது, எது உடைந்தது, எது உதவிற்று என்றெல்லாம் கேட்டன. இருநூறுக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. அவ்வாண்டின் இறுதிக்குள்ளே அறிக்கை வெளியாயிற்று.

விடையளித்த படகுகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பாய்மரம் நீருக்குள் அமிழும்படி புரண்டிருந்தன. அறைவாசலை அடைக்கும் பலகைகள் கழன்று விழ, உள்ளே நீர் புகுந்தது. கட்டிவைக்கப்படாத அடுப்பும் மின்கலமும் பறந்து ஆட்களைக் காயப்படுத்தின. ஆளைப் படகோடு பிணைக்கும் வார்களிற் சில அறுந்தன. யாவற்றிலும் துயரமானது ஒன்றுண்டு. படகு மூழ்கப்போகிறதென அஞ்சி, காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பங்களை நாடியோருள் எழுவர் உயிரிழந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற படகுகள் மூழ்காது மிதந்துகொண்டிருந்து, பின்னர் துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்டன. கைவிடப்பட்ட 24 படகுகளில் 19 இவ்வாறு மீட்கப்பட்டன. படகு காலடியில் மூழ்கும்வரை அதனை விட்டு இறங்காதே என்னும் விதி, இன்று பாய்ப்படகு கற்போர் யாவருக்கும் முதலிற் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை அவர்களுட் பலர் அறியார்.

அந்த அறிக்கை எவரையும் பழிக்கவில்லை. புயலில் இதைச் செய்தால் நிச்சயம் பிழைக்கலாம் என்று மந்திரம் எதுவும் சொல்லவுமில்லை. நேர்ந்ததை நேர்ந்தவாறே தொகுத்து, வாசற்பலகையைப் பிணைத்து வைக்கவும், வார்களை உறுதியாக்கவும், வானொலித் தொடர்புக் கருவி கொண்டுசெல்லவும் வழிகோலிற்று.

எனினும் ஒருமுறை கற்ற பாடம் என்றும் நிலைத்திருக்குமா? 1998 டிசெம்பர் 26 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஹோபார்ட் நோக்கி 115 படகுகள் புறப்பட்டன. புயலில் ஆறு பேர் இறந்தனர். 44 படகுகளே இலக்கை அடைந்தன. இம்முறை மரண விசாரணையில் வெளிப்பட்ட பிழை நுட்பமானது. வானிலை அறிக்கை கூறும் காற்றின் வேகம் சராசரி வேகம் என்பதைத் தேர்ந்த மாலுமிகள் பலர் உணர்ந்திருக்கவில்லை. வீச்சுக்காற்று அதனிலும் நூற்றுக்கு 40 பங்கு மிகலாம். அறிக்கையிற் சொல்லப்பட்ட அலையுயரத்தின் இருமடங்கை அணுகும் அலைகளும் எழலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் எனக் கேட்டவன் 70 கிலோமீற்றருக்கு ஆயத்தமாதல் வேண்டும். இதன்பின் அவ்விளக்கத்தையும் முன்னறிவிப்பிற் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அந்நாட்டில் ஏற்பட்டது.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. அநுபவம் மாலுமிக்குத் திறமையைத் தருகிறது. கூடவே, நான் அறிவேன் என்னும் துணிவையும் தருகிறது. முன்னையது அவனைக் காக்கிறது. பின்னையது ஐயுறவேண்டிய இடத்தில் ஐயுறாது விடச் செய்கிறது. அதற்கு மருந்து, பிழைகளை மறைக்காது பதிவுசெய்தலும், பழிசுமத்தும் அவசரமின்றி ஆராய்தலும், கண்ட முடிவை அமைதியான நாளிலேயே பழகிக்கொள்ளுதலுமாம்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். பிழைக்காக மட்டுமே தண்டிக்கப்படும் மாணவன் பிழையை மறைக்கவே கற்றுக்கொள்கிறான். கடலோரக் குடும்பங்களிலும் நிலை வேறன்று. நமது துறைகளில் வயது முதிர்ந்த தண்டையல்மார் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் வென்ற கதைகளைக் கேட்டு மகிழ்கின்றோம். அவர்கள் தவறிய கதைகளையும் கேட்டல் வேண்டும். எந்த இடத்தில் ஏமாந்தீர்கள், எதனால் தப்பினீர்கள் என்று மரியாதையோடு கேட்கும் இளைஞனுக்கு அவர்கள் சொல்லாதிருக்கமாட்டார்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை கடல் கொந்தளிக்கும்போது அது ஒருவனைக் கரைசேர்க்கக்கூடும்.