குற்ற வழக்கு முடியும்வரை தொழிலாளர் வழக்கு காத்திருக்க வேண்டுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலிருந்து நம்மைத் தேடி வரும் தொழிலாளர் சிலரின் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று நிர்வாகத்தின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. மற்றொன்று அதே சம்பவத்துக்கான முதல் தகவல் அறிக்கை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய மேற்பார்வையாளர்மீது புகார் அளித்தவருக்கு எதிராகவே திருட்டு வழக்கு பாய்ந்திருப்பதும் உண்டு. ஒன்று முடியும்வரை மற்றொன்றை நிறுத்திவைக்கலாமா என்பதே அவர்களது முதல் கேள்வி.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதே பொது விதி. ஆனால் குற்றச்சாட்டு கடுமையானதாகவும், சட்ட, உண்மைச் சிக்கல் நிறைந்ததாகவும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றாகவும் இருந்தால் உள்விசாரணையை நிறுத்திவைப்பது நல்லது என்று பால் அந்தோணி எதிர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (1999) வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உள்விசாரணையில் வாயைத் திறந்தால் குற்ற வழக்கில் தற்காப்பு வெளிப்பட்டுவிடும் என்பதே காரணம். கோலார் தங்கவயலின் பாதுகாப்பு அதிகாரியான அவர், பிழைப்பூதியம் தரப்படாததால் கேரளத்திலிருந்து விசாரணைக்கு வர இயலவில்லை. 1986இல் ஒருதலைப்பட்சமாக நீக்கப்பட்டார். 1987இல் குற்ற வழக்கில் விடுதலையானார். மீண்டும் பணி கிடைக்க 1999 ஆனது. தமிழ்நாட்டில் இந்தத் தொகைக்கு 1981ஆம் ஆண்டின் தனிச்சட்டமே உண்டு: முதல் 90 நாள் பாதி ஊதியம், 180 நாள்வரை முக்கால், அதன்பின் தாமதம் தொழிலாளியால் நேராதவரை முழு ஊதியம். இதைக் கேட்காமல் தடை மட்டும் கேட்பது, நம் அனுபவத்தில், அடிக்கடி நேரும் பிழை.

தடையும் காலவரையற்றதன்று. ஸ்டான்சன் டொயோடெட்சு வழக்கில் (2014) குற்ற விசாரணைக்கு ஓராண்டு அவகாசம் தந்த உச்ச நீதிமன்றம், அதற்குள் முடியாவிட்டால் உள்விசாரணை தொடரும் என்றது.

பணிநீக்கத்துக்குப் பிறகு கணக்கு தலைகீழாகிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நிற்பது, ஊதியமின்றி இருப்பவரையே வாட்டும். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது என்பதாலேயே அங்கே வழக்கு நின்றுவிடாது. நிர்வாகம் தள்ளிவைப்புக் கோரினால் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். பூர்வாங்கப் பிரச்சினைகளைக் காட்டித் தொழிலாளர் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள்வழி இழுத்தடிப்பதை டி.பி. மகேஸ்வரி வழக்கிலேயே (1983) உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

மீண்டும் பணியில் சேர்க்கும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றம் சென்றால், 2025 வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-பி பிரிவு கடைசியாகப் பெற்ற ஊதியத்தை வழக்குக் காலம் முழுவதும் தரச் சொன்னது. வேறெங்கும் வேலையில் இல்லை என்ற பிரமாணப் பத்திரத்தைத் தொழிலாளி தாக்கல் செய்திருக்க வேண்டியிருந்தது.